வாங்குகிறவன் கண்

இருபத்திரண்டு வருஷமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை லாசரஸ் கபாம்ப்வே ஒரே காலையில் சரிசெய்துவிட்டார். வீட்டை விற்பது என்று முடிவான மறுநாள் காலை அது.

அவர் மனைவி காட்ஃப்ரிடா கொல்லையில் கரி அடுப்பை ஊதிக்கொண்டே அந்த அதிசயத்தைப் பார்த்தாள். குழாய் சொட்டுகிறது என்று அவள் முதன்முதலில் சொன்னபோது மகள் முவிலா கைக்குழந்தை. இப்போது முவிலா ந்டோலாவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நடுவில் எத்தனை தரம் சொல்லியிருப்பாளோ, அத்தனை தரமும் லாசரஸ் "பார்க்கலாம்" என்றார். தாமிரச் சுரங்கத்தில் ஷிப்ட் பாஸாக இருந்து ஓய்வுபெற்றவர். பார்க்கலாம் என்று சொல்லி ஆட்களைத் திருப்பியனுப்புவது உத்தியோகத்தோடு வந்த பழக்கம்.

குழாயோடு நிற்கவில்லை. கீழே பளபளவென்று ஒரு எவர்சில்வர் தொட்டியும் வந்து உட்கார்ந்தது. காட்ஃப்ரிடா ஈரக் கையோடு உள்ளே வந்து அதைத் தடவிப் பார்த்தாள்.

"அப்பாடா. இனிமே குனிஞ்சு குனிஞ்சு வெளிய பாத்திரம் தேய்க்க வேண்டாம்."

"தொடாதே," என்றார் லாசரஸ். "கீறல் விழும்."

"பாத்திரம் தேய்க்கத்தானே தொட்டி?"

"உனக்கில்ல, முவிலா அம்மா. வாங்கப்போறவனோட பொண்டாட்டிக்கு. வாங்குறவன் கண்ணால பாரு."

வாங்குகிறவன் கண் என்பதை அவர் கிட்வேயிலிருந்து கொண்டுவந்திருந்தார். பென்ஷன் விஷயமாகப் போனவருக்கு ஷேர் டாக்ஸியில் டை கட்டிய ஒரு வீட்டுத் தரகர் பக்கத்து இருக்கை. அரைமணிப் பயணத்தில் அந்த ஆள் சொன்னானாம்: வீடு வாங்க வருகிறவன் மூன்றைத்தான் பார்ப்பான். சுற்றுச்சுவர், தரை, கேட். மற்றதெல்லாம் அவன் கண்ணிலேயே படாது. டாக்ஸியை விட்டு இறங்கும்போது லாசரஸும் தரகராகிவிட்டார். டை ஒன்றுதான் பாக்கி.

காட்ஃப்ரிடாவுக்கு வேறு கணக்கு இருந்தது. இபெங்காவுக்கு அந்தப்புறம், தார்ச்சாலை முடிந்து நாலு மைல் நடந்தால், அவர்களுக்கு ஒதுக்கிய நிலம் இருந்தது. இந்த வருஷம் மழை ஓய்ந்ததும் அவளே போய்த் தங்கி, கூலிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, பாதிப் புதரை வெட்டி எரித்துவிட்டு வந்தாள். ஊர்த்தலைவர் அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்: "இந்த மழைக்கு விதை விழணும். விழலைன்னா, காத்திருக்கிற அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வந்து அழக் கூடாது." வீடு போனால்தான் அங்கே கிணறு, குடிசை, உரம். மழை நவம்பரில். இப்போது ஜூலை.

ஜூலையிலேயே வாங்க ஆள் வந்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

வந்தவன் ஜெரே. ரோவான் டவுன்ஷிப்பின் மறுகோடியில் வாடகை இடத்தில் மாவு மில் வைத்திருப்பவன். தாட்டியான ஆள். புருவத்திலும் காது மடலிலும் எப்போதும் மாவு. அதைவிட முக்கியம், அவன் ங்கோனி இனத்தான். இவர்கள் பெம்பா. பெம்பாவும் ங்கோனியும் மாமன் மச்சான் முறை. எந்தக் காலத்திலோ ஈட்டியால் குத்திக்கொண்டதற்கு இந்தத் தலைமுறை வாயால் குத்திக்கொள்கிறது. சாவு வீட்டில்கூடப் பிணத்தைப் பார்த்து, "கடன் குடுக்கப் பயந்து படுத்துக்கிட்டியா?" என்று ஒரு ங்கோனிக்காரன் கேட்கலாம். செத்தவனின் பெண்டாட்டி அழுகைக்கு நடுவே சிரித்தாக வேண்டும். கோபித்துக்கொள்கிறவன் கோழி ஒன்று தண்டம் கொடுப்பதோடு, ஊரில் தலைகாட்டவும் முடியாது.

வேலி ஓரத்தில் நின்றே ஜெரே ஆரம்பித்தான்.

"இதுவா வீடு? நான் குரங்குக் கூண்டுன்னு நினைச்சு வாழைப்பழம் வாங்கிட்டு வந்தேன்."

"வாடா, எலி தின்னி," என்று லாசரஸ் மலர்ந்துபோய் எழுந்தார். "பாத்து வா. உன் வாசனை பட்டதும் எங்க வீட்டு எலியெல்லாம் மூட்டை கட்டுது."

"மூட்டை கட்டாம? குரங்கு தின்றவன் வீட்டுல எலிக்கு என்ன மிச்சம் இருக்கும்?"

ஜெரே வீட்டுக்குள் போய், ஒரு குவளை தண்ணீர் குடிக்கிற நேரத்தில் வெளியே வந்துவிட்டான். அறைகளைப் பார்த்தானா என்பதே சந்தேகம். வெளியேதான் நேரமெடுத்தான். மாமரத்தடியிலிருந்து ரோட்டு வரைக்கும் எட்டு வைத்து நடந்தான், திரும்பி நடந்தான். வாசலுக்கு எதிரே நின்ற மின்கம்பத்தை அண்ணாந்து பார்த்தான். மரத்தடியில் காட்ஃப்ரிடா தக்காளியும் கபெந்தா கருவாடும் கூறு கட்டி விற்கிற பலகையை ஒட்டி நின்று, மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான், வாங்குகிற மாட்டைத் தட்டுவதுபோல.

"என்ன கேக்கறே?"

லாசரஸ் விலையைச் சொன்னார்.

"பாதி தேறாது. போகட்டும், குரங்குக்கும் பசிக்கும்ல. கேட்டதைத் தர்றேன். அக்டோபர் கடைசியில நான் வாடகை இடத்தைக் காலி பண்ணணும். அதுக்குள்ள பணம் மொத்தமும் உன் கையில. ஆனா ஒண்ணு. ஒரு ஆணி அடிக்கக் கூடாது. பெம்பாக்காரன் கை பட்டா, நல்லா இருக்கறதும் நாசமாப் போயிடும். தரையைத் தொடாதே, வேலியைத் தொடாதே, இந்த மரத்தைத் தொடவே தொடாதே. சும்மா உக்காந்திரு. இருபத்தாறு வருஷம் சுரங்கத்துல அதைத்தானே செஞ்சே? நல்லா வரும் உனக்கு."

லாசரஸ் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். காட்ஃப்ரிடாவும்தான் சிரித்தாள். பிற்பாடு அந்தச் சிரிப்பை நினைக்கிறபோதெல்லாம் அவளுக்கு வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஜெரே போனதும் லாசரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

"பாத்தியா, எப்படி ஆழம் பாக்கறான்? சொன்ன விலைக்கு உடனே தலையாட்டிட்டான். அப்படின்னா என்ன அர்த்தம்? சுவர் எழுப்பி, டைல்ஸ் போட்டா ஒன்றரைப் பங்குக்குப் போகும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அதான் தொடாதே தொடாதேங்கறான்."

"அவர் எட்டு வெச்சு நடந்தார், பாத்தீங்களா? மரத்தைத் தட்டினார்."

"அதுக்கு?"

"நிஜமாவே அப்படியே வேணும்போல இருக்கு. சும்மா குடுத்துடலாம். ஆகஸ்ட்லயே இபெங்கா போயிடலாம்."

லாசரஸ் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "முறைக்காரன் பேச்சை நிஜம்னு எடுத்துக்கிட்ட முதல் பெம்பா நீதான். வெளிய சொல்லிடாதே."

அதுதான் அவள் வாயை அடைத்தது. சொன்னால் தெருவே சிரிக்கும்.

ஆகஸ்டில் கொத்தனார் சொங்வே வந்தான். ஒடிசலான, அதிகம் பேசாத ஆள். காலை ஏழு மணிக்கு லாசரஸ் பழைய சுரங்கத் தொப்பியும் இரும்புமுனை பூட்ஸும் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். சொங்வே எதிரே நிற்க வேண்டும். பத்து நிமிஷம் பாதுகாப்புச் சொற்பொழிவு. தலைக்கு மேலே என்ன இருக்கிறது பார், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது பார், சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்து. சுரங்கத்தில் நாற்பது பேருக்குச் சொன்னதை ஒரு ஆளுக்குச் சொல்வதால் அவர் குரலைக் குறைத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் சொங்வே கேட்டான்: "பாஸ், இந்தப் பத்து நிமிஷத்துக்கும் கூலி உண்டுதானே?"

முதலில் தரை. காட்ஃப்ரிடா சனிக்கிழமை தவறாமல் மண்டியிட்டு, துணியில் பாலிஷ் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருந்த சிவப்புச் சிமெண்டுத் தரை. அதன்மேல் வெள்ளை டைல்ஸ் ஒட்டினார்கள். செம்மண் புழுதி பறக்கிற ஊரில், வெள்ளை.

"மண் நிறத்துல போட்டிருக்கலாம்ல?" என்றாள்.

"வாங்குறவன் கண்ணுக்கு வெள்ளைதான் சுத்தம்."

டைல்ஸ் ஒட்டியதும் தரை ஒரு விரற்கடை உயர்ந்தது. அதை யாரும் யோசிக்கவில்லை. சொங்வே யோசித்தான், ஆனால் அவனிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் லாசரஸ் கக்கூஸுக்குள் போய்க் கதவை அழுத்திச் சாத்தினார். கதவு டைல்ஸில் கடித்துக்கொண்டது. திறக்கவில்லை.

"முவிலா அம்மா!"

அவள் வெளியிலிருந்து தள்ளினாள். அவர் உள்ளேயிருந்து இழுத்தார். அசையவில்லை. சொங்வே வந்து சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. அவன் வந்ததும் கதவில் காதை வைத்துக்கொண்டு, "பாஸ், தலைக்கு மேல என்ன இருக்குன்னு பாத்தீங்களா?" என்றான்.

"கதவைத் திறடா!"

"சந்தேகம் வந்தா வேலையை நிறுத்தணும்னு சொல்லியிருக்கீங்க. எனக்குச் சந்தேகமா இருக்கு."

காட்ஃப்ரிடா கொல்லைக்கு ஓடிப்போய் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருஷம் அவள் மனசாரச் சிரித்தது அன்றைக்குத்தான். கதவைப் பெயர்த்தெடுத்தார்கள். ஏழு கதவையும் அடியில் சீவ வேண்டியதாயிற்று. சீவியதில் இரண்டு பிளந்தன. பிளந்ததற்குப் புதுக் கதவு. புதுக் கதவுக்குப் பழைய நிலை பொருந்தவில்லை. நிலையைப் பெயர்த்ததில் சுவர்ப் பூச்சு விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் சிமெண்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு நாள். ஆகஸ்ட் போயிற்று.

உள்ளே செருப்போடு வரக் கூடாது என்று உத்தரவு. அடுப்பு வைக்கக் கூடாது, எண்ணெய் தெறிக்கும். இரண்டு பேரும் கொல்லையில் முக்காலி போட்டு உட்கார்ந்து நிஷிமாக் களியை உருட்டிக் கீரையில் தொட்டுத் தின்றார்கள். மத்தியான வெயிலில் அஸ்பெஸ்டாஸ் கூரை சூடேறிச் சடசடத்தது. கருவாட்டுக் குழம்பு என்றால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் போய்விடுவார். வீட்டில் மீன் வாடை தங்கினால் வாங்குகிறவன் மூக்கு என்ன சொல்லும் என்கிற கவலை.

"கண்ணு மட்டும்தான்னு சொன்னீங்க," என்றாள் காட்ஃப்ரிடா. "இப்ப மூக்கும் வந்துடுச்சா?"

செப்டம்பரில் சுற்றுச்சுவர். வாசலில் மணல் கொட்டி, சொங்வே அச்சில் கல் அடித்து வரிசையாக வைத்தான். அதற்கு மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிற வேலை காட்ஃப்ரிடாவுடையது. புதுத் தொட்டியில் கீறல் விழும் என்பதால் தெருக் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் பிடித்துவந்து, குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் நானூறு சிமெண்டுக் கல்லைக் குளிப்பாட்டினாள். கயிறு கட்டிப் பார்த்ததில் சுவர் போகிற தடத்தில் மாமரம் நின்றது.

"சுவரை வளைச்சுக்கலாம், பாஸ்," என்றான் சொங்வே.

"வளைஞ்ச சுவரா? என் வீட்டுக்கா?"

"விக்கப்போற வீடுதானே?"

"அதனாலதான் நேரா இருக்கணும்."

அன்று சாயங்காலம் காட்ஃப்ரிடா ஒரு டின் மக்காச்சோளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு டவுன்ஷிப்பின் மறுகோடிக்கு நடந்தாள். பக்கத்திலேயே வேறு மில் இருக்கிறது. ஜெரேயிடம் ஒரு வார்த்தை நிஜமாகக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அத்தனை தூரம்.

மில்லில் இருபது பெண்களுக்குக் குறையாமல் வெயிலில் டின்னும் கையுமாக நின்றார்கள். இயந்திரச் சத்தத்தில் எல்லாரும் கத்தித்தான் பேசினார்கள். ஜெரே அவளைக் கண்டதும் கையை உயர்த்தினான்.

"வழி விடுங்க! குரங்கு தின்றவங்க மாவு அரைக்க வந்திருக்காங்க. குரங்கு எங்கேம்மா, டின்னுக்குள்ளயா?"

இருபது பெண்களும் சிரித்தார்கள். அவளுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "குரங்கு வீட்டுல இருக்கு, தொப்பி மாட்டிக்கிட்டு. உன் எலிக் கறி வாசம் தாங்காதுன்னு வரல."

மறுபடி சிரிப்பு. அவள் கிட்டே போய்க் குரலைத் தாழ்த்தினாள். இயந்திரம் அதைத் தின்றுவிட்டது. மறுபடி கத்த வேண்டியிருந்தது.

"ஜெரே, விளையாட்டை விடு. நிஜமாச் சொல்லு. அந்த மரம் உனக்கு வேணுமா வேண்டாமா?"

"இதோ பாருங்கடீ, ஒரு பெம்பாக்காரி நிஜம் கேக்கறா!" என்று அவன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "அந்த மரத்துல கை வெச்சா உன் புருஷனை ராஜா முன்னாடி நிறுத்தி, ரெண்டு மாடு தண்டம் வாங்குவேன். சுவர் எழுப்பினா இன்னும் ரெண்டு. போய்ச் சொல்லு. அது என் மரம்!"

ஒரு கிழவி சிரித்துச் சிரித்து டின்னைக் கீழே போட்டுவிட்டாள். காட்ஃப்ரிடா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாவு படிந்த அந்த முகத்தில் எது விளையாட்டு, எது நிஜம் என்று எங்கே தேடுவது? இருபது பேருக்கு முன்னால் இன்னொரு தரம் கேட்டால், முறை தெரியாதவள் என்று பேர் வரும். அவள் மாவை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கேட்டதை அப்படியே லாசரஸிடம் சொன்னாள். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கடைசியில், "எனக்கு அவர் நிஜமாத்தான் சொல்றார்னு தோணுது," என்று சேர்த்தாள்.

"என் மரங்கறானா?" என்றார் லாசரஸ். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இன்னும் ஒரு குவாச்சா குடுக்கல, அதுக்குள்ள என் மரமா? இருக்கட்டும், அவனுக்குப் பாடம் வெச்சிருக்கேன்."

மறுநாளே மரம் விழுந்தது. பூ முடிந்து பிஞ்சு பிடித்திருந்த மரம். பெரிய கிளை ஒன்றில் காம்போடு பிஞ்சுகள் தொங்க, அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி, "உன் மரம், எடுத்துக்கோ, எலி சுட உதவும்" என்று சொல்லச் சொல்லி, ஜெரேயின் மில்லுக்கு அனுப்பிவைத்தார். முறைக்காரனுக்கு அனுப்புகிற குறும்பில் இதைவிடச் சிறந்தது ரோவானில் நடந்ததில்லை என்று நாலு நாள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஜெரேயிடமிருந்து பதில் குறும்பு வரவில்லை. "யோசிச்சுக்கிட்டிருப்பான். பெரிசா ஏதோ வரும் பாரு," என்றார்.

காட்ஃப்ரிடாவின் பலகை இப்போது வெட்டவெளியில் இருந்தது. தக்காளி பத்து மணிக்கெல்லாம் வதங்கியது. சுவர் ஆள் உயரம் எழும்பியதும் தெருவில் போகிறவர்கள் கண்ணுக்குப் பலகையே தெரியவில்லை. வெளியே நகர்த்தலாம் என்றால், வீட்டு வாசலில் கருவாட்டுக் கடை இருந்தால் வாங்குகிறவன் என்ன நினைப்பான் என்றார். அவள் பலகையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, விதைக்கு வைத்திருந்த மக்காச்சோளத்தில் பூச்சி விழுந்ததைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

அக்டோபர் பிறந்தது. வெயிலில் ரோட்டுத் தாரும் இளகுகிற மாதம். சுரங்கத்திலிருந்து வந்த பணத்தில் மிச்சமிருந்ததையும் கேட் தின்றது. கறுப்பு இரும்பில் இரண்டு யானைகள், தும்பிக்கையைத் தூக்கி எதிரெதிரே நின்றன. பட்டறைக்காரன் அவசரத்தில் ஒன்றின் தும்பிக்கையைக் குட்டையாக வெட்டியிருந்தான். பெயிண்டுக்குப் பணம் இல்லை.

"பச்சையா கறுப்பா?" என்று லாசரஸ் தினமும் கேட்டார்.

"மேகத்தைப் பாத்தீங்களா?" என்று அவள் தினமும் கேட்டாள்.

இடையில் வேறு ஆட்கள் வந்து பார்க்காமல் இல்லை. ஒரு டீச்சரம்மா வெள்ளைத் தரையைப் பார்த்து, "யார் இதைத் துடைக்கறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரு தச்சன் லாசரஸ் சொன்ன புது விலையைக் கேட்டுவிட்டு யானையின் தும்பிக்கையைத் தடவிக்கொடுத்தான். லாசரஸ் கலங்கவில்லை. "ஜெரே இருக்கான்," என்றார்.

அக்டோபர் கடைசி வாரத்தில் ஜெரே வந்தான். தெற்கே வானம் கறுத்து, காற்று நின்றிருந்த மத்தியானம். கேட்டை இரண்டு விரலால் தட்டினான். லாசரஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்த் திறந்தார்.

"வாடா, எலி தின்னி! பாத்தியா? குரங்குக் கூண்டுன்னு சொன்னியே, இப்பச் சொல்லு!"

ஜெரே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வணக்கமுங்க, ஐயா. நல்லா இருக்கீங்களா? அம்மா நல்லா இருக்காங்களா?"

லாசரஸ் ஒரு கணம் தடுமாறி, உடனே சிரித்தார். "ஓ, புதுக் குறும்பா? நல்லாத்தான் நடிக்கறே. உள்ள வா, செருப்பைக் கழட்டிட்டு வா."

ஜெரே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். வெள்ளைத் தரையில் மெல்ல நடந்து எல்லா அறையையும் பார்த்தான். இந்தத் தடவை நிஜமாகவே எல்லாவற்றையும் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான், கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்தான். வெளியே வந்து சுவர் ஓரமாக நடந்தான். மரம் நின்ற இடத்தில் சிமெண்டு பூசியிருந்ததைச் சற்று நேரம் பார்த்தான்.

"ரொம்ப நேர்த்தியாச் செஞ்சிருக்கீங்க, ஐயா. உழைப்பு தெரியுது."

"டேய், ஏதாவது திட்டுடா," என்றார் லாசரஸ். "யானையைப் பாரு. தும்பிக்கை குட்டை. எங்க பட்டறைக்காரன் பெம்பா. ஒண்ணும் தோணலையா உனக்கு?"

"அழகா இருக்குங்க."

"எலி தின்னி! உன் பாட்டன் மாட்டைத் திருடினவன்! உன்..."

"ஆமாங்க, ஐயா," என்றான் ஜெரே. "நான் நேத்தே மார்க்கெட் பின்னாடி ஒரு இடத்துக்கு முன்பணம் குடுத்துட்டேன். நேர்ல வந்து சொல்லிட்டுப் போறதுதான் மரியாதைன்னு வந்தேன். இந்த வீட்டுக்கு நல்ல குடும்பமா யாராவது வருவாங்க. வர்றேனுங்க."

லாசரஸ் திறந்த கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுரங்கத்தில் எத்தனையோ பேர் அவரை ஐயா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் இப்படி விழும் என்று அவருக்குத் தெரியாது.

காட்ஃப்ரிடா ஜெரேயின் பின்னாலேயே ரோடு வரைக்கும் ஓடினாள்.

"நில்லு. அன்னிக்கு மில்லுல கேட்டேன்ல, நிஜமாச் சொல்லுன்னு?"

"சொன்னேனே."

"சிரிச்சுக்கிட்டே சொன்னே."

"வேற எப்படிச் சொல்வேன்? நீங்க பெம்பா." அவன் கையில் எடுத்துவந்த செருப்பை மாட்டிக்கொண்டான். "மரத்தடியில பொம்பளைங்க டின்னோட நிக்கணும். லாரி உள்ள வந்து திரும்பணும். எதிர்லயே கரண்ட் கம்பம். அதுக்குத்தான் நீங்க கேட்ட விலை. இப்ப மாவு அரைக்க வர்றவ கேட்டைத் தட்டி, யானைகிட்ட அனுமதி வாங்கி, செருப்பைக் கழட்டிட்டு வரணும். யார் வருவா?"

"சுவரை இடிச்சுட்டா?"

"மரம்?"

அவள் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கிளை வந்த அன்னிக்கு நான் சிரிச்சேன்," என்றான் ஜெரே. "எல்லார் முன்னாடியும் சிரிச்சேன். முறை இருக்குல்ல. வீட்டுக்குப் போய்த்தான் உக்காந்துட்டேன். மூணு மாசம் வேற இடமே தேடலை நான்." நாலடி போய்த் திரும்பினான். முகத்தில் பழைய ஜெரே எட்டிப்பார்த்தான். "ஏ குரங்கு தின்னி! இபெங்காவுல விளைஞ்சா என் மில்லுக்குத்தான் கொண்டு வரணும். பாதியைத் திருடிக்கிட்டு மீதியைத் தர்றேன்."

"நீ திருடாம எப்ப இருந்தே?" என்றாள்.

திரும்பி வந்தபோது லாசரஸ் கல் அடித்து மிஞ்சிய மணல்மேல் உட்கார்ந்திருந்தார். தொப்பி மடியில்.

"முன்பணம்தானே குடுத்திருக்கான்," என்றார். "திரும்ப வாங்கிக்கலாம். பெயிண்ட் அடிக்காததால ஒரு முழுமை இல்லாம இருக்கு. பச்சை அடிச்சு..."

அவள் உள்ளே போனாள், செருப்போடு. ஒரு போர்வை, ஒரு மண்வெட்டி, இரண்டு சட்டி, உப்பு, தக்காளி விற்ற காசில் அவள் முடிந்துவைத்திருந்தது எல்லாவற்றையும் கட்டினாள். விதைப் பையை இரட்டைப் பிளாஸ்டிக்கில் சுற்றினாள். அன்று ராத்திரி பேசியது அவர் மட்டும்தான், அதுவும் பச்சையைப் பற்றி.

விடிந்ததும் முதல் பஸ். லாசரஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிறுத்தம் வரை கூடவே வந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"தனியா எங்க தங்குவே?"

"ஊர்த்தலைவரோட அக்கா வீட்டுச் சமையல் குடிசையில. போன தடவையும் அங்கதான்."

"உரம் இல்லையே."

"எரிச்ச சாம்பல் இருக்கு. பாதிக்காவது விதைப்பேன். பாதியாவது நம்ம பேர்ல நிக்கட்டும்."

"ரெண்டே வாரம். வீட்டை முடிச்சுட்டு வந்துடறேன். நீ இல்லாம ஆளுங்க வந்தா எப்படிக் காட்டறது? எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு..."

பஸ் வந்தது. கண்டக்டர் மண்வெட்டியை வாங்கிக் கூரைமேல் எறிந்தான். அவள் விதைப் பையை மட்டும் கொடுக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அந்த வீட்டை நீங்களே வாங்கிக்கோங்க, முவிலா அப்பா. இத்தனை நாள்ல அதை அவ்வளவு ஆசையாப் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியபோது அவர் இன்னும் வாய் திறந்தபடி நின்றிருந்தார், எந்த உத்தரவைச் சொல்ல வந்தோம் என்பது மறந்துபோனவர் மாதிரி.

டவுன்ஷிப் எல்லையைத் தாண்டுமுன் கண்ணாடியில் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. பக்கத்து இருக்கைக்காரி, "நல்லவேளை, சீக்கிரமே பிடிச்சுக்கிச்சு," என்றாள். காட்ஃப்ரிடா விதைப் பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இபெங்காவிலிருந்து நாலு மைல். சேற்றில் நடந்தாலும் மத்தியானத்துக்குள் போய்விடலாம். ஊர்த்தலைவர் சொன்ன அந்த அடுத்த ஆள் அங்கே மண்வெட்டியோடு நிற்காமல் இருக்க வேண்டும்.